மலைக் கிராமங்களில் டாக்டரைக் காணும் வழி

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பதை யாவரும் அறிவர். ஆயினும் அச்செல்வத்தைக் காத்துத் தரவல்ல டாக்டரை உரிய காலத்தில் காண்பது கிராம மக்களுக்கு, அவருள்ளும் மலைமேல் வாழ்வோருக்கு, எளிய காரியமாக இல்லை. உடல் நலம் குன்றியவுடன் எங்கே செல்வது, எந்த நாளில் செல்வது, சென்றால் டாக்டரைக் காண இயலுமா, அன்றைய கூலி போனால் அடுப்பு எரிவது எப்படி என்னும் கேள்விகள் ஒருங்கே எழுகின்றன. இவற்றுக்கு விடை தெரியாமையால் பலர் நோயை ஒத்திப்போடுகின்றனர். தொடக்கத்தில் சில மாத்திரைகளால் தணியக்கூடிய பிணி, பின்னர் கோயமுத்தூருக்குத் தூக்கிச் செல்லவேண்டிய பிணியாக முற்றிவிடுகிறது.

இக்கட்டுரையில் நீலகிரி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்குறையின் காரணங்களையும், அதனைக் குறைக்கும் வழிகளையும் ஆராய்வோம். டாக்டர்களை நியமிப்பது பஞ்சாயத்தின் அதிகாரத்தில் இல்லை. ஆனால் நியமிக்கப்பெற்ற டாக்டரின் நேரம் ஊராருக்கு முறையாகப் பயன்படச் செய்வது பெரிதும் பஞ்சாயத்தின் கையில் இருக்கிறது. இதுவே உறுப்பினர்கள் மனத்தில் இருத்த வேண்டிய கருத்தாகும்.

மலையின் அமைப்பும் மக்களின் நிலையும்

நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு தாலுகாக்கள் உள்ளன. 2011ஆம் ஆண்டின் மக்கட்கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394 ஆகும். சமவெளி மாவட்டங்களோடு ஒப்பிட்டால் இத்தொகை சிறியதே. ஆனால் இம்மக்கள் ஓரிடத்தில் திரண்டு வாழ்பவர் அல்லர். படகர்களின் ஹட்டிகளும், தோடர்களின் மந்துகளும், கோத்தர்களின் கோக்கால்களும், தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளும், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் குடியிருப்புகளும் பள்ளத்தாக்குகளிலும் சரிவுகளிலும் சிதறிக் கிடக்கின்றன.

கூடலூரிலிருந்து உதகமண்டலம் சுமார் 50 கிலோமீட்டர் தூரம். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் இத்தூரம், மலைப்பாதையில் இருமடங்கு நேரத்தை எடுத்துக்கொள்ளும். பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்து மக்கள் மேல் சிகிச்சைக்காகக் கேரளத்திலுள்ள சுல்தான்பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் செல்வதுண்டு. அவ்விடங்கள் வேறு ராஜ்யத்தைச் சேர்ந்தவையாயினும் அவர்களுக்கு அவையே கைக்கெட்டியவை.

மழைக்காலத்தில் நிலைமை மேலும் கடினமாகிறது. 2009ஆம் ஆண்டு நவம்பரில் நேர்ந்த நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் மாண்டனர். சாலைகள் பல இடங்களில் அறுபட்டன. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மிகுந்த மழை கொட்டியது. இத்தகைய நாட்களில் அருகிலுள்ள மருத்துவமனையும் தொலைதூரமாகிவிடும்.

தொழிலின் தன்மையும் ஈண்டுக் கருதத்தக்கது. தேயிலைக் கொழுந்தை உரிய நாளில் பறிக்காவிடில் அது முற்றிவிடும். பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலைக்குச் சென்று சேரவேண்டும். காரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் பயிரிடுவோருக்கும் அறுவடையும் மண்டியும் காத்திருப்பதில்லை. மழை பெய்து கொழுந்து பெருகும் மாதங்களிலேயே சளியும் காய்ச்சலும் பெருகுகின்றன. வேலை மிகுந்த காலமும் நோய் மிகுந்த காலமும் ஒன்றாக அமைவதால், உழைப்பாளி வேலையை முன்னிறுத்தி நோயைப் பின்தள்ளுகிறார்.

பெருந்தோட்டங்களில் பணிபுரிவோருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் எளிதில் கிட்டும் வகையில் மருத்துவ வசதி அளிப்பது தோட்ட உரிமையாளரின் கடமை என்று விதித்தது. தோட்டத் தொழிலாளர் நலம் பற்றிய விதிகள் பின்னர், தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றன. ஆனால் 1951ஆம் ஆண்டின் சட்டம் முதலில் 25 ஏக்கருக்குக் குறையாத தோட்டங்களுக்கே பொருந்தியது. 1981ஆம் ஆண்டின் திருத்தத்தால் அவ்வெல்லை 5 ஹெக்டேராகக் குறைக்கப்பட்டது. ஓரேக்கர், ஈரேக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகளும், அவர்களிடம் கூலிக்குக் கொழுந்து பறிப்போரும் அவ்வெல்லைக்குப் புறத்தே நின்றனர். அவர்களுக்குத் தோட்ட மருத்துவமனை இல்லை. சர்க்கார் சுகாதார நிலையமே துணை. நீலகிரியில் இவ்வகைச் சிறு விவசாயிகள் ஆயிரக்கணக்கில் உள்ளனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வரலாறு கூறும் பாடம்

சிகிச்சை தொலைவில் இருப்பதால் உயிர் போகும் என்பதை இம்மலை நெடுநாளைக்கு முன்பே கண்டது. வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சையளிக்கும் பாஸ்டர் நிலையம் 1900ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் நிறுவப்பட்டது. தென்னாட்டில் அத்தகைய நிலையம் அப்போது இல்லை. 1902ஆம் ஆண்டில் வெறிநாய் கடித்த இளம் ஆங்கிலப் பெண்மணி ஒருவர் உரிய சிகிச்சை கிட்டாமல் மாண்டார். இத்துயரம் பலர் உள்ளத்தைத் தொட்டது. பொதுமக்களின் நன்கொடையோடு ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் கொடையும் சேர, 1907ஆம் ஆண்டு ஏப்ரலில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. மருந்து உலகில் எங்கோ இருந்தால் போதாது; நோயுற்றவர் சென்று சேரக்கூடிய இடத்தில், சேரக்கூடிய காலத்தில் இருத்தல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

இக்கருத்தையே நாடு முழுமைக்கும் விரித்துரைத்தது, சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்து 1946ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த குழுவாகும். கிராம மக்களின் வாசலுக்கு அருகே மருத்துவமும் நோய்த்தடுப்பும் ஒருங்கே கிடைக்க வேண்டும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் நிறுவப்பட வேண்டும் என்று அக்குழு கூறியது. உடனடித் திட்டமாக 40,000 மக்களுக்கு ஒரு நிலையம் என்று வகுத்தது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய அபிவிருத்தித் திட்டத்தின் வழியாக இந்நிலையங்கள் நாட்டில் பரவின.

பின்னர் அளவுகோல் மேலும் சீராக்கப்பட்டது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றும், மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்றும் விதி வகுத்தனர். துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கும், மலையில் 3,000 பேருக்கும் ஒன்று எனப்பட்டது. மலையில் தூரத்தை மைல் கணக்கால் மட்டும் அளத்தல் தகாது என்பதை ஏற்றுக்கொண்டதன் அடையாளமே இவ்வேறுபாடு.

அண்மைக் காலத்தில் உயர் சிகிச்சையும் மலைக்கே வந்துள்ளது. உதகமண்டலத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. 700 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. முன்பு கோயமுத்தூர் செல்லவேண்டியிருந்தோர் பலருக்கு இஃது ஒரு பெரும் ஆறுதல். எனினும் பெரிய மருத்துவமனை எழுந்தமையால் அன்றாட நோய்க்கு அருகில் ஒரு டாக்டரைக் காணவேண்டிய தேவை நீங்கிவிடாது. காய்ச்சலுக்கும் காதுவலிக்கும் யாவரும் உதகைக்கே சென்றால், அங்கே உயிருக்குப் போராடுவோர் வரிசையில் பின்தங்க நேரிடும்.

டாக்டர் இருந்தும் காண இயலாதது ஏன்?

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்குவோம். மலைப்பகுதி விதிப்படி 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருப்பதாகவும், நாள்தோறும் நூற்றுக்கு ஒருவர் அங்கே வருவதாகவும் கொள்வோம். வருவோர் 200 பேர். ஒரே டாக்டர் ஆறு மணி நேரம், அதாவது 360 நிமிடம், இடைவிடாது பார்த்தாலும் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கூடக் கிடைக்காது. அவர்களுள் 60 பேர் வழக்கமான மாத மாத்திரைகளை வாங்கிச் செல்வதற்காகவே வந்தவர்கள் எனில், அவர்களுக்கு வேறு வழி செய்துவிட்டால் எஞ்சுவோர் 140 பேர். நேரம் இரண்டரை நிமிடமாக உயரும். இரண்டாவது டாக்டரும் இருந்தால் ஐந்து நிமிடமாகும். ஐந்து நிமிடத்தில் ஒரு நல்ல டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்க்கலாம்; நாக்கையும் கண்ணையும் பார்க்கலாம்; வீட்டு நிலைமையையும் இரண்டு வார்த்தை கேட்கலாம்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படும். டாக்டர்களின் எண்ணிக்கை கூடவேண்டும் என்பது ஒன்று. அது சர்க்காரின் கடமை. வருவோர் ஒழுங்காகப் பகுக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. அதில் ஊராருக்கும் பங்குண்டு. எல்லாரும் ஒரே நாளில், ஒரே வேளையில், ஒரே ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றால், ஆழ்ந்த நோயுடையவரும் அற்ப நோயுடையவரும் ஒரே அளவு நேரமே பெறுவர்.

மற்றொரு காரணமும் உண்டு. மலைப்பகுதிப் பணிக்கு வரும் இளம் டாக்டர்கள் நெடுங்காலம் தங்குவது அரிது. அவர்களுக்குப் பட்டமேற்படிப்பு வேண்டும். குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டும். குடியிருக்கத் தக்க வீடு வேண்டும். மலையில் பணிபுரிந்தவர்க்கு மேற்படிப்புச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் அளிக்கும் முறை அவர்களை இங்கே வரச் செய்கிறது. படிப்பில் இடம் கிடைத்தவுடன் அதுவே அவர்களை இங்கிருந்து அழைத்தும் செல்கிறது. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் நோயாளியின் நிலை யாது? சென்ற ஆண்டு பார்த்த டாக்டர் இவ்வாண்டு இல்லை. புதியவருக்கு இவருடைய பழைய நோய் தெரியாது. எந்த மருந்து ஒவ்வாது என்பதும் தெரியாது.

நகரத்தில் வசதியுள்ளோர் குடும்ப டாக்டர் என்று ஒருவரை வைத்திருப்பர். பாட்டனாரின் ஆஸ்த்மாவும் பேரனின் அம்மையும் அவருக்கு நினைவிருக்கும். மலைக் கிராமத்தில் ஒரே டாக்டர் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. ஆகவே அந்த நினைவை ஏட்டில் எழுதி வைக்கவேண்டும். டாக்டர் மாறலாம், குடும்பத்தின் ஏடு மாறக்கூடாது. ஊரின் கிராம சுகாதார செவிலியரும், ஒழுங்காக எழுதப்பட்ட ஏடும், முறையான வருகை நாளும் சேர்ந்தால், அதுவே மலைக் கிராமத்தின் குடும்ப டாக்டராகும்.

நினைவு தொடர்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அரிவாள் செல் இரத்தசோகை ஒரு சான்று. 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் இந்நோயின் கூறு நீலகிரிப் பழங்குடியினரிடையே இருப்பதை வெளியிட்டனர். இந்தியாவில் அஃது அறியப்பட்டது அதுவே முதன்முறை. பரம்பரையாக வரும் இந்நோயுடையவர் வாழ்நாள் முழுவதும் மருத்துவக் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும். இவர் திடீரென்று மூட்டுவலி என்று வந்து நிற்கும்போது, நோயின் வரலாறு அறிந்தவர் உடனே செய்யவேண்டியதைச் செய்வார். அறியாதவர் சாதாரண வலி என்று எண்ணி வலி மாத்திரை கொடுத்தனுப்ப நேரிடலாம்.

பிறர் கண்ட வழிகள்

இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. அங்கே ஒவ்வொருவரும் தம் வட்டாரத்துப் பொது மருத்துவர் ஒருவரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்கின்றனர். பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமாயின், அவசர நிலை நீங்கலாக, பெரும்பாலும் அவரே அனுப்பி வைப்பார். இது சிறந்த ஏற்பாடு. ஆயினும் அந்நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் டாக்டரைக் காண நேரம் கிடைப்பது அரிதாகி, காலை 8 மணிக்கே தொலைபேசியில் முந்திக்கொள்ளும் நிலை பல ஊர்களில் ஏற்பட்டது. பெயர்ப் பதிவு மட்டும் போதாது. யாருக்கு இன்றே டாக்டர் தேவை, யாருக்குச் செவிலியர் போதும், யார் அடுத்த வாரம் வரலாம் என்று பிரித்தறியும் முறையும் வேண்டும் என்பதை அவ்வனுபவம் காட்டுகிறது.

அண்டை ராஜ்யமாகிய கேரளம் 2017ஆம் ஆண்டில் ஆர்த்ரம் என்னும் இயக்கத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றத் தலைப்பட்டது. புறநோயாளிகளை மாலையிலும் பார்க்க வகை செய்தமை அதில் ஒரு சிறப்பு. பகற்கூலியை இழக்காமல் டாக்டரைக் காண அஃது இடமளிக்கிறது.

நம் மலையிலேயே நல்ல முன்மாதிரிகள் உள்ளன. கோத்தகிரியில் டாக்டர் எஸ். நரசிம்மன் 1958ஆம் ஆண்டில் நிறுவிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம், பழங்குடி மக்கள் மருத்துவமனைக்கு வருவரென்று காத்திராமல் அவர்தம் குடியிருப்புகளுக்கே மருத்துவ உதவியைக் கொண்டு சென்றது. கூடலூரில் அஸ்வினி என்னும் அமைப்பு, பழங்குடி இளைஞரையும் மகளிரையுமே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றுவித்தது. 1990ஆம் ஆண்டில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியது. 1992ஆம் ஆண்டில் சிறு தொகை செலுத்திப் பயன்பெறும் மருத்துவக் காப்பீடும் ஏற்பட்டது. அங்கே முதலில் எழுந்தது கட்டிடம் அன்று என்பது கவனிக்கற்பாலது. வீடு வீடாகச் சென்று, யார் கருவுற்றிருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எடை குறைவு, யாருக்கு இருமல் நிற்கவில்லை என்று அறிந்து எழுதிய பணியாளர்களே முதலில் உருவாயினர். மருத்துவமனை பின்னர் வந்தது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனை அளிப்பவர் என்பன அவை. நான்காம் கூற்றில் அருகிருப்போர் கடமை அடங்கும். உறவினர் முதலில் அதனை ஏற்பர்; உறவினரால் இயலாதபோது ஊர் ஏற்கவேண்டும். அதற்கான சில வழிகளைக் கீழே தருகின்றோம்.

(1) ஊர் நலக் கணக்கு. கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஊழியர், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோரின் துணையோடு குடும்பவாரியாக ஒரு கணக்கு எடுத்தல் வேண்டும். கருவுற்ற தாய்மார், ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைகள், இரத்த அழுத்தம் அல்லது நீரிழிவுக்கு மாத்திரை உண்போர், நடமாட இயலாத முதியோர், காசநோய்ச் சிகிச்சையில் உள்ளோர் என ஐந்து பிரிவுகள் போதும். நோயின் விவரம் செவிலியரிடமே இருக்கட்டும். ஒருவருடைய நோயை ஊரறியச் சொல்வது முறையன்று. அவ்வாறு சொன்னால் அடுத்த முறை எவரும் உண்மை கூறார்.

(2) மாத மாத்திரைக்கு வேறு வழி. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோருக்கு மருந்தை வீட்டிற்கே கொண்டு சேர்க்கும் நோக்கமுடையது. படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும், வலி தணிக்கும் பராமரிப்பும் அதில் அடங்கும். நம் ஊரில் தகுதியுடையோர் யாவரும் இதில் பதிவாகியுள்ளனரா என்று பஞ்சாயத்து பார்க்கவேண்டும். 150 குடும்பங்கள் உள்ள ஊரில் 40 பேர் மாத மாத்திரை உண்பதாகக் கொண்டால், மாதந்தோறும் 40 நாள் கூலியும் 40 பேருந்துக் கட்டணமும் மிச்சமாகும். டாக்டரின் வரிசையும் அந்த அளவுக்குக் குறையும். எனினும் இவர்கள் டாக்டர் குறித்த இடைவெளியில் நேரில் சென்று உடலைச் சோதித்துக்கொள்ளத் தவறலாகாது.

(3) நாள் குறித்தல். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரைக் கலந்து, கருவுற்றோர் பரிசோதனை எந்நாளில், தடுப்பூசி எந்நாளில், நடமாடும் மருத்துவக் குழு எந்த இடத்திற்கு எத்தனை மணிக்கு வரும் என்பதை அறிந்து, மாதத் தொடக்கத்தில் ஊர்ப் பலகையிலும், நியாயவிலைக் கடையிலும், கொழுந்து எடை போடும் இடத்திலும் எழுதி வைத்தல் வேண்டும். கொழுந்து எடை போடும் இடத்திற்கு வராத தேயிலை விவசாயி இல்லை. டாக்டர் விடுப்பில் இருக்கும் நாளையும் முன்கூட்டி அறிவிக்கச் செய்யவேண்டும். பத்து மைல் நடந்தும் பேருந்தேறியும் வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால், அவர் மறுமுறை வர மூன்று மாதம் ஆகும். ஊர் ஊராக நாள் பிரித்துக்கொள்வதும் சாத்தியமே: இந்த ஹட்டிக்குச் செவ்வாய், அந்தக் காலனிக்கு வியாழன் என்று நிலையத்தோடு பேசி உடன்பட்டால் நெரிசல் தானே குறையும். காய்ச்சலும் விபத்தும் நாள் பார்த்து வருவதில்லை; அவற்றுக்கு எந்நாளும் முதலிடம் உண்டு என்பதையும் உடன் எழுதிவைக்க வேண்டும்.

(4) சாலை முனைக்குப் பாதை. 108 அவசர ஊர்தி தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ஆனால் ஊர்தி சாலை முனை வரையில்தான் வரும். அதன் பிறகு வீடு வரையுள்ள அரை மைல் வழுக்குப் பாதையே உயிருக்கு உலை வைக்கிறது. அப்பாதைக்குப் படிகட்டி, பிடிகம்பி அமைப்பது பஞ்சாயத்து எளிதில் செய்யக்கூடிய பணி. ஒவ்வொரு குடியிருப்பிலும் நோயாளியைத் தூக்கிச் செல்ல ஒரு தூக்குப் படுக்கையும், முறை போட்டு உதவும் நான்கு இளைஞரும் இருத்தல் வேண்டும். ஊர்தியை அழைப்பவர் கூறவேண்டிய அடையாளங்களை, அதாவது ஊரின் பெயர், அருகிலுள்ள தொழிற்சாலை அல்லது கோயில், சாலை வளைவு ஆகியவற்றை, எழுதித் தொங்கவிடுவதும் நன்று. தொலைபேசிச் சமிக்ஞை எந்த மேட்டில் கிடைக்கும் என்பதும் யாவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

(5) மழைக்கு முன் ஏற்பாடு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குமுன், அம்மாதங்களில் பிரசவம் எதிர்பார்க்கும் தாய்மாரின் பட்டியலைச் செவிலியரிடம் கேட்டறிதல் வேண்டும். தமிழகத்தின் மலைப்பகுதிச் சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்திற்கு முன்னரே வந்து தங்கும் அறைகள் அமைக்கப்பட்டன. அவ்வசதி அருகில் இல்லையெனில், நகரை ஒட்டியுள்ள உறவினர் வீட்டிற்கு முன்கூட்டியே அனுப்பலாம். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் என்பது இதற்கும் பொருந்தும்.

(6) டாக்டரையும் செவிலியரையும் பேணுதல். துணை சுகாதார நிலையத்தில் தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா, கதவு பூட்டக்கூடியதாக உள்ளதா, செவிலியர் இரவில் அச்சமின்றித் தங்க இயலுமா என்று பஞ்சாயத்து பார்ப்பது பெரிய உபகாரம். புதிதாய் வந்த டாக்டரை ஒருமுறை ஊருக்கு அழைத்து, பாதைகளையும் குடியிருப்புகளையும் காட்டினால், பின்னர் எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் அந்த அறிவு வெளிப்படும்.

(7) கிராம சபையில் கேட்டல். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுவது தமிழ்நாட்டின் நடைமுறை. டாக்டர் பணியிடம் காலியாக இருந்தால், எத்தனை மாதமாகக் காலி, அதனால் எத்தனை பேர் எவ்வளவு தூரம் செல்ல நேர்ந்தது என்று கணக்கோடு தீர்மானம் எழுதி மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்பவேண்டும். டாக்டர் இல்லை என்ற பொதுக் குறையைவிட, இன்ன மாதத்தில் இத்தனை பேர் திரும்பிச் சென்றனர் என்ற கணக்குக்கு வலிமை மிகுதி. முதலிற் கூறிய ஊர் நலக் கணக்கும் இதற்குப் பயன்படும்.

டாக்டரைக் காணச் செல்வோர் அறியவேண்டியவை

பஞ்சாயத்து எத்துணை முயன்றாலும், நோயாளியின் ஒத்துழைப்பு இல்லையேல் பயனில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு நல ஏடு வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரணப் பள்ளி நோட்டுப் புத்தகமே போதும். ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கி, பிறந்த ஆண்டு, போட்ட தடுப்பூசிகள், பெருநோய்கள், அறுவைச் சிகிச்சை, ஒவ்வாத மருந்து, இப்போது உண்ணும் மருந்து ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். எழுதத் தெரியாதோருக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எழுதித் தரலாம். மருத்துவமனையில் தரும் சீட்டுகளை எறிந்துவிடாமல் அந்த ஏட்டிலேயே ஒட்டி வைக்கலாம். டாக்டரிடம் கிடைப்பது சில நிமிடங்களே. பழைய கதையைக் கேட்டறிவதில் அவை கழியாமல் உடலைச் சோதிப்பதற்குப் பயன்பட இந்த ஏடு உதவும்.

செல்லுமுன், நோய் எப்போது தொடங்கியது, எது கூடுகிறது, எது குறைகிறது என்று வரிசையாக நினைவுபடுத்திக்கொள்ளல் நன்று. உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளை உடன் கொண்டு செல்லல் வேண்டும். எங்கே செல்வதென்று ஐயம் எழுந்தால், 104 என்னும் எண்ணில் சுகாதார ஆலோசனை கேட்கலாம். தொலைக்காட்சித் திரை வழியே டாக்டரோடு பேசுவது போன்ற தொலை மருத்துவ முறையும் இப்போது உண்டு. 2020ஆம் ஆண்டு முதல் நாடு தழுவி நடைபெறும் இ-சஞ்சீவனி அத்தகையது. சாலை அறுபட்ட நாட்களிலும், முன்பு பார்த்த நோய்க்கு மறு ஆலோசனை பெறவும் இது பயன்படும். ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, இரத்தப்போக்கு, கை கால் திடீரென்று விழுதல், பாம்புக்கடி ஆகியவற்றில் ஆலோசனை கேட்டுக் காலங்கடத்தலாகாது. உடனே 108ஐ அழைக்கவேண்டும். நாய் கடித்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்லவேண்டும்.

டாக்டர் கிடைக்கவில்லை என்பதற்காகத் தகுதியற்றவரிடம் ஊசி போட்டுக்கொள்வது ஆபத்து. கூலி போகாமல் மாலையில் வீட்டிற்கே வந்து ஊசி போடுகிறார் என்று மகிழ்வோர், அந்த ஊசியில் என்ன இருந்தது என்று பின்னர் டாக்டர் கேட்டால் விடை கூற இயலாது நிற்பர். மருந்துக்கடையில் நோயைச் சொல்லி மாத்திரை வாங்கி உண்பதும் இத்தகையதே.

முடிவுரை

ஒரு டாக்டரும் ஒரு கட்டிடமும் வந்துவிட்டால் ஊரின் மருத்துவக் குறை தீர்ந்தது என்று எண்ணலாகாது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து ஒரு பெண் நிலையத்திற்குச் செல்லும் அந்த ஒரு நாள் வீணாகாமல் இருந்தால்தான் குறை தீர்ந்ததாகும். அந்நாளில் டாக்டர் இருப்பார் என்று அவளுக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும்; அவளுடைய ஏடு கையில் இருக்கவேண்டும்; அவளைப் பார்க்க டாக்டருக்கு ஐந்து நிமிடம் இருக்கவேண்டும். இவற்றுள் முதலாவதைப் பஞ்சாயத்தும், இரண்டாவதைக் குடும்பமும், மூன்றாவதைச் சர்க்காரும் ஊராரும் சேர்ந்தும் செய்யலாம்.

புதிய வரியோ பெரும் பொருளோ வேண்டாத இப்பணிகளை, அடுத்த கிராம சபைக்கு முன்னரே ஒரு குடியிருப்பிலேனும் தொடங்கிப் பார்க்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களையும் விவசாயப் பெருமக்களையும் வேண்டிக்கொள்கின்றோம். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். செவிலியரை அழைத்து உட்காருங்கள். முதல் வீட்டின் பெயரை எழுதுங்கள். மற்றவை தொடரும்.